12-ஆம் பகுதியைப் படித்துவிட்டு டிரம்மை இறக்குங்கள்

திருப்பூர், ஈரோடு வட்டாரச் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தாருக்கு,

வணக்கமுங்க. சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறவன் நான். துணியை நனைய வைக்கிற வெட்டிங் ஏஜென்ட், அழுக்கெடுக்கிற சோப் ஆயில் என்று நீங்கள் வாங்குகிற டிரம்களோடு ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் வரும். மீனுக்கும் தண்ணீரில் வாழும் மற்ற உயிர்களுக்கும் அந்தச் சரக்கு என்ன செய்யும் என்பது அதன் 12-ஆம் பகுதியில் இருக்க வேண்டும். அதைப் படிக்காமல் இனி எதையும் வாங்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அங்கே முக்கியமாக மூன்று அளவுகளைப் பாருங்கள். 96 மணி நேரத்தில் மீன்களில் பாதியைக் கொல்லும் அளவு, 48 மணி நேரத்தில் டாஃப்னியா என்கிற நுண்ணிய நீர்ப்பூச்சிகளில் பாதியை முடக்கும் அளவு, 72 மணி நேரத்தில் பாசியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் அளவு. இவற்றில் ஒன்று லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருந்தாலே அது முதல் வகை நஞ்சு, அதாவது நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கடுமையான வகை. பல தாள்களில் அந்த இடத்தில் ‘தகவல் இல்லை’ என்றுதான் இருக்கிறது. நாமும் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு இறக்கிவிடுகிறோம்.

நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டைப் பாருங்கள். துணி நன்றாக நனைய வேண்டும், எண்ணெய்ப்பசை போக வேண்டும் என்று காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த சரக்கு. இது ஆற்றில் சிதையும். ஆனால் சிதைந்து உண்டாகிற நோனைல்ஃபீனால் அந்தத் தாய்ச் சரக்கைவிடப் பொல்லாதது. முதல் வகை நஞ்சு, சேற்றில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. பெண் ஹார்மோனைப் போல வேலை செய்வதால், ஆண் மீனின் உடம்பில்கூட முட்டைக்கரு புரதம் உண்டாகிறது. குறைந்த அளவில் கலந்தால் மீன் செத்து மிதக்காது. இனம் பெருகுவதுதான் பாதிக்கப்படும். நாம் தினமும் பார்க்கிற டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) கணக்கில் இது தனியாகத் தெரியவே தெரியாது.

“நாங்கதான் ஜீரோ டிஸ்சார்ஜ் ஆச்சுங்களே, கழிவுநீரை வெளியே விடறதில்லீங்களே” என்பீர்கள். சரி. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்ததையும், அப்புறம் எத்தனை செலவு செய்து திறந்தீர்கள் என்பதையும் இந்த ஊரே அறியும். ஆனால் காலி டிரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது? மழையில் நனைகிற சுத்திகரிப்புக் கசடு? துணியில் தங்கியது யார் வீட்டு வாஷிங் மெஷினில் கரைகிறது? இதற்காகத்தான் 2021 பிப்ரவரியிலிருந்து, தண்ணீரில் துவைக்கும் துணியில் இது 0.01 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் விற்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஆற்று மீனுக்காக ஏற்றுமதி ஆர்டரில் பார்க்கிற சரக்கை, நொய்யல் மீனுக்காக உள்ளூர் ஆர்டரிலும் பார்க்க வேண்டாமா?

சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். 12-ஆம் பகுதி காலியாக இருக்கிற சரக்கைத் திருப்பி அனுப்புவது; தாளில் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டைக் குறிக்கும் 9016-45-9 என்ற சி.ஏ.எஸ். (வேதிப்பொருள் அடையாள) எண் இருந்தால் ஆல்கஹால் எத்தாக்சிலேட் வகையில் மாற்றுக் கேட்பது. அதுவும் மீனுக்கு நல்லதில்லைதான், ஆனால் ஆற்றில் சீக்கிரம் சிதைந்துவிடும். உங்கள் குடோனில் இருக்கிற தாள்களைக் கொடுத்தால், எது எந்த வகை என்று பிரித்து எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு சாயப்பட்டறை லேப் ஊழியர்