தோளில் ஊசி போட்டுக்கொள்ளும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

தோள் வலிக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி சொல்லியிருக்கிறார், போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். போட்டுக்கொள். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு போ. ஸ்டீராய்டு வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லை. மூட்டைச் சுற்றியிருக்கும் உறையில் உள்ள அழற்சியைத்தான் அது தணிக்கிறது. உனக்கு வந்திருக்கும் ப்ரோஸன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு வலித்து இறுகிப்போகும் நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். இரவில் புரண்டு படுக்க முடியாத இந்த ஆரம்பக் கட்டத்தில் ஊசிக்கு நல்ல பலன் உண்டு. வலி ஓய்ந்து, கை வெறுமனே இறுகிப்போன பிறகு போட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஊசியால் உனக்குக் கிடைப்பது வலி குறைந்த சில வாரங்கள். அந்த வாரங்களில் கையை அசைத்து இளக்கிவிட வேண்டும்.

சர்க்கரையை முதலில் கவனி. மூன்று மாதச் சராசரியை (HbA1c) இந்த வாரமே எடுத்துப் பார். 8-க்கு மேல் போயிருந்தால், குறைத்துக்கொண்டு வா என்று டாக்டர் திருப்பி அனுப்பக்கூடும். அதற்காக வேறு டாக்டரைத் தேடிப் போகாதே. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் சர்க்கரை ஏறும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சர்க்கரையைத்தான் ஸ்டீராய்டு அதிகம் ஏற்றும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. ஏழு நாளும், காலை எழுந்ததும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வை. இரண்டு முறை 300-ஐத் தாண்டினாலோ, தாகமும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ உடனே சர்க்கரை டாக்டரைக் கூப்பிடு. மாத்திரை அளவை நீயே கூட்டாதே. ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்.

காய்ச்சல், பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, தோளருகே கொப்புளம் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிடு. எச்ஐவிக்குத் தரும் ரிட்டோனாவிர் உடலில் இருக்கும்போது, இந்த ஊசியில் போடும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டால், அது உடம்பில் சிதையாமல் தங்கி உடம்பையே ஊதவைத்துவிடும். அதனால் எந்த மாத்திரையையும் மறைக்கக் கூடாது.

பெரிய மூட்டுக்கு வழக்கமான அளவு ட்ரையாம்சினலோன் 40 மி.கி., அதாவது 1 மி.லி. கூடவே மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயின் சில மி.லி. கலப்பார்கள். ட்ரையாம்சினலோன் பால் போல் இருக்கும், அடியில் படியும், குலுக்கித்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமான குப்பியை உன் கண்முன் திறக்கச் சொல், தயங்காதே. அமெரிக்காவில் 2012-ல் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு குப்பிகளை முதுகுத்தண்டருகே போட்டதால் மூளையுறைத் தொற்று பரவி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டால் ஊசி மூட்டுக்குள் சரியாகப் போகும். மருந்து தோலடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்துக் குழி விழும். நம் நிறத்தில் அது எடுப்பாகத் தெரியும், மறைய மாதங்கள் ஆகும்.

போட்டவுடன் கை லேசாகிவிட்டதே என்று துள்ளாதே, அது லிக்னோகெயின் வேலை. சில மணி நேரத்தில் வலி திரும்பும். அன்றிரவு முன்பைவிட அதிகமாகவும் இருக்கலாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வை, பாரசிட்டமால் போதும். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். முகம் சிவப்பது, தூக்கம் கெடுவது, அடுத்த மாதவிடாய் முன்பின் வருவது எல்லாம் தானே சரியாகும். ஆனால் இரண்டு நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போய், மூட்டு சூடாகச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டுப் போகாதே. மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும்போது கிருமி பிடிபடாமல் போய்விடும்.

இரண்டு நாள் கனம் தூக்காதே. மூன்றாம் நாள் முதல் பயிற்சி. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டு. சுவரில் விரலால் ஏறு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு குச்சியால் கையை வெளிப்பக்கம் தள்ளு. இந்தக் கடைசிப் பயிற்சியை விட்டுவிடாதே, இந்த நோயில் முதலில் பறிபோவது அந்த அசைவுதான். ஒவ்வொன்றும் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. இழுவிசை தெரிய வேண்டும், கண்ணீர் வரக் கூடாது.

மறுபடி வேண்டுமென்றால் குறைந்தது மூன்று மாத இடைவெளி விடு. மருந்தின் பெயர், அளவு, தேதி, எந்த மூட்டு என்பதை நோட்டில் குறித்து வை. ஒரு டாக்டர் தோளிலும் இன்னொருவர் முழங்காலிலும் போட்டால் உடம்புக்கு இரண்டும் சேர்ந்த கணக்குதான். சம்பந்தியம்மா முழங்காலுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை போட்டுக்கொள்வதாகச் சொன்னாயே, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2017-ல் வெளிவந்த ஆய்வொன்றில் 140 பேரில் பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கொருமுறை இரண்டு வருடம் ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு உப்புநீரும் போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு யோசித்தால், அதற்கு முந்தைய மூன்று மாதம் அந்த மூட்டில் ஊசியே கூடாது.

இன்னொன்று, தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் போடும் 'வலி ஊசி' இதுவல்ல. பல இடங்களில் அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும்தான். அடிக்கடி போட்டால் எலும்பு மெலியும், பிரஷர் ஏறும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் வாந்தியுமாகப் படுக்க வைக்கும். இதுவரை அப்படி ஏதாவது போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடு.

ஊசிக்கு முந்தின நாள் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் குறைந்தது முப்பது கையிருப்பில் இருக்கட்டும். ஏழு நாள் கணக்கையும், சுவரில் விரல் எவ்வளவு உயரம் ஏறியது என்பதையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா