கோடை முகாமும் உடல்நலப் படிவமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முழுஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில் இருக்கிறோம். இந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள் வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் கலைப் போட்டிகளிலும் நல்லபடியாகச் செய்தார்கள். பத்தாம் வகுப்பினர் பொதுத்தேர்வை நிறைவாக எழுதியிருக்கிறார்கள். ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. பிப்ரவரி 22 அன்று சாரணரும் சாரணியரும் சேர்ந்து சிந்தனை நாளைக் கொண்டாடினார்கள். சாரணர் இயக்கத்தின் இரண்டாம் நிலையான துவிதிய சோபான் தேர்வுக்கும் பலர் தயாராகிவிட்டார்கள். துணை நின்ற அனைவருக்கும் நன்றி.

இனி முகாம் விஷயம். மே முதல் வாரத்தில் ஏற்காட்டில் ஐந்து நாள் சாரணர் கோடை முகாம். ஏன் ஏற்காடு, ஏன் ஐந்து நாள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சமவெளியில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் நடத்தினால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் மே மாத வெயிலில் பகல் பதினொன்று முதல் நான்கு வரை பிள்ளைகளைக் கூடாரத்திலும் வைக்க முடியாது, வெளியிலும் விட முடியாது. பாதி முகாம் அதிலேயே போய்விடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. சீசன் நேரத்தில் அதை நம்பிப் பேருந்து பேச முடியாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று குளிர்ச்சி, ஊருக்குள்ளேயே அரசு மருத்துவமனை, சேலத்துக்கு இறங்கினால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இடத்தைப் பார்க்கப் போனபோது நாங்கள் முதலில் பார்த்தது குடிநீர், அடுத்தது பெண் பிள்ளைகளுக்குத் தனியான, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை. காட்சிமுனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐந்து நாள் எதற்கு என்றால், முதல் நாள் புதுமையிலேயே கழிந்துவிடும். இரண்டாம் நாள் இரவுதான் வீட்டு நினைப்பு வந்து அழுகை வரும். மூன்றாம் நாள் அவர்களாகவே அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்று நாள் முகாம் போட்டால் பிள்ளை பழகும் நேரத்தில் கூடாரத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மொத்தம் 32 பிள்ளைகள், அணிக்கு எட்டுப் பேராக நான்கு அணிகள். உடன் வரும் பெரியவர்கள் ஆறு பேர், அதில் மூவர் பெண்கள். பேருந்து பேசியாகிவிட்டது. கூடாரம், கயிறு, பாத்திரம் எல்லாம் எண்ணி வைத்தாகிவிட்டது. வந்து சேராதது ஒன்றே ஒன்று, நீங்கள் நிரப்பித் தர வேண்டிய உடல்நலப் படிவம்.

சில படிவங்கள் இன்னும் வரவில்லை. வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, இதயக் கோளாறு, சமீபத்திய அறுவை சிகிச்சை என்று பன்னிரண்டு வரிகள். பன்னிரண்டுக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு கோடு, அதன் நடுவில் 'இல்லை' என்று ஒரு சொல். படித்துப் பார்த்துப் போட்ட 'இல்லை' என்றால் மகிழ்ச்சி. ஆனால் விளையாட்டு வகுப்பில் இன்ஹேலர் எடுக்கும் பிள்ளையின் படிவத்திலும் அதே கோடு இருக்கிறது.

ஏன் எழுதத் தயங்குகிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. சொன்னால் கூட்டிப் போக மாட்டார்களோ என்று ஒரு பயம். பெண் பிள்ளை என்றால் பேச்சு வெளியே போய், நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு என்று எழுதியதற்காக மட்டும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தப் போவதில்லை. மருத்துவர் 'போகலாம்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். படிவத்தை ஒட்டிய உறையில் வைத்து, பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுவந்து தாருங்கள். அதைப் பார்ப்பவர்கள் சாரண ஆசிரியரும் சாரணிய ஆசிரியையும் நானும் மட்டுமே. முகாம் முடிந்ததும் உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.

எழுதினால் என்ன செய்வோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மலைக் குளிரும் பாசறைத் தீயின் புகையும் சேர்ந்தால் இரவில் இழுப்பு வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் காற்று வரும் பக்கமாக உட்கார வைப்போம், விறகு அடுப்புப் பொறுப்பு கொடுக்க மாட்டோம். இன்ஹேலர் இரண்டு வேண்டும்: ஒன்று பிள்ளையின் சட்டைப்பையில், இன்னொன்று ஆசிரியரிடம். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) பயன்படுத்துகிற பிள்ளை என்றால் அதையும் மறக்காதீர்கள். பழைய இன்ஹேலரில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். காற்று மட்டும் வரும் இன்ஹேலரோடு பிள்ளைகள் வருவது அபூர்வமில்லை.

வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு இரண்டு ஆபத்து: ஒரு வேளை மாத்திரை விட்டுப்போவது, தூக்கம் கெடுவது. முகாமில் இரண்டுமே எளிதாக நடக்கக்கூடியவை. தெரிந்தால் பாசறைத் தீ முடியும்வரை உட்கார வைக்காமல் ஒன்பதரைக்கே படுக்க அனுப்பிவிடுவோம். கயிற்றுப் பாலத்தில் ஏற்றாமல் கீழே முடிச்சுப் பொறுப்பைக் கொடுப்போம். மற்றவர்கள் கண்ணுக்கு அது ஒரு வேலைப் பங்கீடு, அவ்வளவுதான். இன்சுலின் போடும் பிள்ளைக்கு மலையேற்ற நாளில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அன்று எவ்வளவு குறைத்துப் போட வேண்டும், இடையில் என்ன சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் ஊகிக்க மாட்டோம்.

நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் சமையல் பட்டியலையே மாற்ற வேண்டும். கடலை மிட்டாயும் கடலைச் சட்னியும் முகாமில் தினசரி விஷயங்கள். 'லேசாகத் தடிக்கும், அவ்வளவுதான்' என்றாலும் எழுதுங்கள். தூக்கத்தில் நடப்பது, பன்னிரண்டு வயதிலும் படுக்கை நனைப்பது, இவையும் எழுத வேண்டியவையே. படுக்கை நனைக்கும் பிள்ளைக்குத் தேவை ஒரு ரப்பர் ஷீட், அடர்நிறத்தில் கூடுதலாக ஒரு போர்வை, இரவு பதினொரு மணிக்கு சத்தமில்லாமல் எழுப்பிவிட ஓர் ஆள். இது தெரியாவிட்டால் மறுநாள் காலை கூடாரத்தில் உள்ள ஏழு பேருக்கும் தெரிந்துவிடும். முகாமே வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் நாங்கள் பார்த்ததில்லை.

மருந்துகள் பற்றி. மாத்திரையைத் தாளில் மடித்து அனுப்பாதீர்கள். அட்டையை வெட்டினால் பெயர் ஒரு பக்கம், காலாவதித் தேதி இன்னொரு பக்கம் போய்விடுகிறது. முழு அட்டையாக, ஏழு நாளுக்குப் போதுமான அளவில், பிள்ளையின் பெயர் ஒட்டிய டப்பாவில் வைத்து, எந்த வேளைக்கு எது என்று தமிழில் எழுதி, மருத்துவர் சீட்டின் நகலோடு ஆசிரியர் கையில் கொடுங்கள். இன்ஹேலர் தவிர வேறு எதுவும் பிள்ளையின் பையில் இருக்கக் கூடாது. பையடியில் ஒளித்து அனுப்பும் காய்ச்சல் மாத்திரையை உங்கள் பிள்ளை சாப்பிடாது. தலைவலி என்று சொல்லும் பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்குத்தான் கொடுக்கும்.

சேலம் அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் படிவத்தில் குறியுங்கள். முன்னிருக்கை தருவோம். அன்று காலை பூரி, பொங்கல் வேண்டாம். இரண்டு இட்லி, அதுவும் கிளம்புவதற்கு நன்றாக முன்னதாகவே. வாந்திக்கு மாத்திரை வழக்கம் என்றால் மருத்துவர் சொன்னபடி வீட்டிலேயே கொடுத்து அனுப்புங்கள். பத்தாவது வளைவில் கொடுக்கும் மாத்திரை பதினோராவது வளைவில் வெளியே வந்துவிடும்.

அவசரத் தொடர்புக்கு இரண்டு எண்கள் கேட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே மேசைமேல் இருக்கும் போன்களாக இருந்தால் பயனில்லை. அப்பா லாரியில் போகிறவர், அம்மா மில்லில் இரவு ஷிஃப்ட் என்றால், சித்தப்பா எண்ணோ மாமா எண்ணோ கொடுங்கள். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து இரவில் அழைப்பு வந்தால் எடுக்காதவர்கள் நிறைய.

இதற்கு மேல் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் மூச்சுத் திணறும் பிள்ளையை 108-ல் ஏற்றும்போது அதிலுள்ள மருத்துவ உதவியாளர் கேட்கும் முதல் கேள்வி, 'ஏற்கெனவே என்ன இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறது' என்பதுதான். அந்தக் கேள்விக்கு நீங்கள் போட்ட கோட்டைக் காட்ட நாங்கள் தயாராக இல்லை. ஆகவே ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி, பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் வராத பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். கிளம்பும் காலையில் பேருந்து ஓரத்தில் நின்று நிரப்பித் தரும் படிவம் ஏற்கப்படாது. யார் சொல்லியும் இது மாறாது. தயவுசெய்து யாரையும் சொல்ல வைக்காதீர்கள். பெயர் எடுக்கப்பட்டவர்களுக்கு முகாம் கட்டணம் முழுதும் திருப்பித் தரப்படும்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் பிள்ளையை நம்பி எங்களிடம் விடுகிறீர்கள். அது சிறிய விஷயமல்ல என்பது எங்களுக்குத் தெரியும். படிவத்தை நிரப்புவதில் சந்தேகம் இருந்தாலோ, எழுதியதோடு நேரிலும் சொல்ல விரும்பினாலோ, வேலை நாட்களில் மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை என் அறைக்கு வரலாம். தாய்மார்கள் சாரணிய ஆசிரியையிடம் தனியாகப் பேசலாம். படிக்கச் சிரமப்படுவோருக்கு நாங்களே வாசித்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவோம். ஏற்கெனவே முழுமையாக நிரப்பிக் கொடுத்த பெற்றோருக்கும், மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக் கொடுத்தவர்களுக்கும், கூடாரத் துணியைத் தைத்துக் கொடுத்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: முகாமுக்கென்று புது ஷூ வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் மாலை நேரம் அங்கே இடி மழை வரும். ஸ்வெட்டரையும் மாற்று உடையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். நீங்கள் அடுக்கினால் டார்ச் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.