வயசுக்கு வந்தவன் தானேன்னு விட்டுட்டாங்க

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

கத்தோலிக்க சபையில போப்புக்கு அடுத்த படியான கர்தினாலா அமெரிக்காவுல இருந்த தியோடர் மெக்காரிக் 2025 ஏப்ரல்ல செத்துப்போன செய்திய உங்க பேப்பர்ல உலகச் செய்தி பக்கத்துல ஓரமா நாலு வரி போட்டிருந்தீங்க, சிறுவனிடம் தவறாக நடந்த புகாரில் பதவி இழந்த முன்னாள் கர்தினால் 94 வயதில் காலமானார்னு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா பாதிக் கதைதான் இருக்கு. மீதிப் பாதிய எழுதணும் எழுதணும்னு நாள் தள்ளிட்டே போச்சு, இப்பதான் உக்காந்தேன். நீளமா போனா வெட்டிக்கங்க.

நான் இருக்குறது நியூஜெர்சியில எடிசன். நம்மாளுங்க நிறைய பேரு இருக்குற ஊரு, இட்லி மாவுலருந்து கருவாடு வரைக்கும் கடையில கிடைக்கும். இந்த ஊரு மெட்டச்சன் மறைமாவட்டத்துல, அதாவது மெட்டச்சன் பிஷப்போட நிர்வாகத்துக்குக் கீழ வருது. 1981ல இந்த மறைமாவட்டம் புதுசா உருவானப்ப அதுக்கு முதல் பிஷப்பா போட்டது தியோடர் மெக்காரிக்கைத்தான். அப்புறம் 1986ல பக்கத்து நியூவார்க்குக்கு பேராயரா போனாரு, 2001ல வாஷிங்டன் பேராயர், அதே வருஷம் கர்தினால். நாங்க ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற கோயில்ல வயசான வெள்ளக்காரங்க சிலர் அவரு கையாலதான் உறுதிபூசுதல்ங்கற திருச்சடங்கு வாங்குனோம்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல பேச மாட்டாங்க, காபி எடுக்க போயிருவாங்க.

சின்னப் பையன் விஷயம் வெளிய வந்தது 2018 ஜூன்லதான். கிட்டத்தட்ட 50 வருஷத்துக்கு முன்னாடி நியூயார்க்ல பூசைக்கு உதவி செய்யற ஒரு பீடச்சிறுவன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாருங்கற புகார் நம்பத்தகுந்ததுன்னு அங்க விசாரணைக் குழு சொல்லிச்சு. உடனே பொது ஊழியத்த நிறுத்துனாங்க, அடுத்த மாசமே கர்தினால் பதவி போச்சு, 2019 பிப்ரவரியில குருத்துவத்துலருந்தே, அதாவது சாமியார் நிலையிலருந்தே எடுத்துட்டாங்க. இத மட்டும் பாத்தா பரவால்லயே சுறுசுறுப்பா இருக்காங்களேன்னு தோணும். ஆனா சாமியாருக்குப் படிக்கிற குருமாணவருங்க, ஊர்ல நாம பிரதர்னு கூப்பிடுவோமே, அவங்க விஷயம் 1990கள்லயே பிஷப்புங்க காதுக்குப் போயாச்சு. அவங்கல்லாம் 18 வயசு தாண்டுனவங்க, அதனால அது குத்தமாவே கணக்குல வரல, 'ஒழுக்கக் குறைபாடு'ங்கற ஃபைலுக்குள்ள போயி தூங்கிருச்சு.

நடந்தது என்னன்னா, சீ கெர்ட்னு ஒரு கடற்கரை ஊருல மறைமாவட்டத்துக்கு ஒரு வீடு இருந்துச்சு. சனி ஞாயிறுல குருமாணவருங்கள அங்க கூட்டிட்டுப் போவாரு, இருக்குற படுக்கைய விட ஒரு ஆள் கூடவே கூப்பிடுவாரு, ராத்திரி படுக்கப் போறப்ப ஒருத்தனுக்கு இடம் இருக்காது, சரி நீ என் கட்டில்ல படுத்துக்கன்னுருவாரு. தன்னை அங்கிள் டெட்னு கூப்பிட சொல்லுவாரு, பசங்கள மருமகன்னு சொல்லிக்குவாரு. நம்ம ஊர்ல மாமான்னு ஒருத்தர கூப்பிட்டுட்டா அவரு மேல புகார் சொல்ல வாய் வருமா, அதேதான் அங்கயும்.

இத எங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னப்ப அவ கேட்ட முதல் கேள்வி, இருபது இருபத்தஞ்சு வயசுப் பசங்கதானே, முடியாதுன்னு எந்திரிச்சு வர வேண்டியதுதானேன்னு. எல்லாரும் கேக்குறது இதத்தான். அவளுக்கு நான் எங்க சித்தப்பா மகன் கதைய சொன்னேன். அவன் ஏழு வருஷம் சாமியாருக்குப் படிச்சான், அவனுக்கு அங்க யாரும் ஒரு கெடுதலும் பண்ணல, இது நமக்கு சரிப்படாதுன்னு அவனாவே வந்தான். அதுக்கே ஊரு அவன விடல சார். மடத்துலருந்து ஏன் துரத்துனாங்களாம், என்ன தப்பு பண்ணானாம்னு கல்யாணம் ஆகுற வரைக்கும் பேச்சு, பொண்ணு பாக்க போன எடத்துலயும் இதே கேள்வி. சும்மா வந்தவனுக்கே இந்த கதின்னா பிஷப் மேல புகார் சொல்லிட்டு வந்தவன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

வெளி ஆளுங்களுக்கு சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துக்குள்ள எப்படி ஓடுதுன்னு தெரியாது. ஒரு பையன் சாமியாராக எட்டு பத்து வருஷம் ஆகும், சாப்பாடு துணி ஃபீஸ் எல்லாம் மறைமாவட்டமோ துறவற சபையோதான் பாத்துக்கும், கையில சொந்தமா காசு இருக்காது. வருஷா வருஷம் இவன் அடுத்த படிக்குத் தகுதியான்னு குருமட அதிபரும் பேராசிரியருங்களும் பாத்து முடிவு பண்ணுவாங்க, கடைசியா குருப்பட்டம் குடுக்குறதா வேண்டாமாங்கறது பிஷப் கையில. யாருக்கும் பட்டம் வாங்க உரிமைன்னு ஒண்ணு கிடையாது, அது அழைப்பு, அழைக்கிறது அவரு. சபையில சேந்ததும் குடுக்குற ஆரம்பப் பயிற்சி, நொவிசியேட், அதுல இருக்குற பையன்னா இன்னும் லேசு, பொட்டிய கட்டுன்னு சொல்லிட்டா கட்ட வேண்டியதுதான். சரி இங்க வேண்டாம் வேற மறைமாவட்டத்துல சேந்துக்கலாம்னு போனா, ஒரு குருமடத்துலருந்து அனுப்புன ஆள வேற குருமடம் சேக்கணும்னா பழைய அதிபர்கிட்ட ஏன் அனுப்புனீங்கன்னு எழுதி வாங்கணும், திருச்சபை சட்டம் 241லயே இருக்கு. அந்த லெட்டர எழுதுறது யாரு? யாரப் பத்தி புகாரோ அவரோ, அவருக்குக் கீழ இருக்குறவரோதான்.

பையனோட மனசு விஷயங்கள கேட்டு வழிகாட்டுற ஆன்ம குருகிட்ட சொல்லலாமேம்பீங்க. சொல்லலாம், மனசு லேசாகும். ஆனா அங்க சொன்னது அங்கயே இருக்கணும், பையனுக்கு பட்டம் குடுக்குறது பத்தியோ அனுப்புறது பத்தியோ ஆன்ம குருகிட்ட அபிப்ராயமே கேக்கக்கூடாதுன்னு சட்டம். பையனோட மனசாட்சிய காப்பாத்த வச்ச ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லல. ஆனா அவன் நம்புற ஒரே ஆளால அந்த விஷயத்த அடுத்த படிக்கு கொண்டு போக முடியாமப் போயிருது. இதுல 2005ல வத்திக்கான் இன்னொரு அறிவிப்பு விட்டுச்சு, ஆழமான ஓரினச்சேர்க்கை நாட்டம் இருக்குறவங்கள குருமடத்துல சேக்கக்கூடாதுன்னு. அது சரியா தப்பாங்கறது வேற சண்டை. ஆனா அதுக்கப்புறம் ஒரு பையன் வந்து பிஷப் அவரு கட்டில்ல என் மேல கைய வச்சாருன்னு சொன்னா முதல்ல யார சந்தேகமா பாப்பாங்க, சொல்லுங்க. நீ ஏன் தம்பி அங்க படுத்தன்னுதான் கேப்பாங்க.

பெரும்பாலான பசங்க வாயத் திறக்கலன்னாலும் ஒரு ஆளு எழுதுனாரு. போனிஃபேஸ் ராம்சேன்னு ஒரு டொமினிக்கன் சபை ஃபாதர், நியூவார்க் மறைமாவட்டத்து குருமடம் சீட்டன் ஹால் யூனிவர்சிட்டில இருக்கே, அங்க பேராசிரியரா இருந்தவரு, பசங்க பேசுறத நேரா கேட்டவரு. மெக்காரிக்க வாஷிங்டனுக்குப் போடுறாங்கன்னு தெரிஞ்சதும் 2000 நவம்பர்ல போப்போட தூதருக்கு லெட்டர் போட்டாரு. பதில் இல்ல. 2006ல வத்திக்கான் செயலகத்துலருந்து பேராயர் சாண்ட்ரி அவருக்கு ஒரு லெட்டர் எழுதுறாரு, வேற ஒரு ஃபாதர் பத்தி விசாரிக்க. அதுல போற போக்குல, 2000ல நீங்க குருமாணவர் சிலர் சம்பந்தமா எழுதுன முக்கியமான விஷயங்கள்னு குறிப்பிட்டுருக்காரு. அதாவது லெட்டர் போய் சேந்துருக்கு, படிச்சிருக்காங்க, முக்கியம்னும் தெரிஞ்சிருக்கு, ஃபைல்ல வச்சிருக்காங்க. மனுஷன் விடாம 2015ல பாஸ்டன் கர்தினால் ஓமாலிக்கு எழுதுனாரு, அவருதான் அப்ப சிறார் பாதுகாப்புக்கான போப்பாண்டவர் கமிஷனுக்குத் தலைவர். ஓமாலியோட செயலர் பதில் போட்டாரு, இது கர்தினாலோட பொறுப்புக்குள்ள வராதுன்னு. அந்த லெட்டர் என் கைக்கே வரலன்னு ஓமாலி 2018ல சொன்னாரு. கமிஷன் பேருலயே சிறார்னு இருக்கே, இருபத்திரண்டு வயசு ஆளுக்கு அதுல என்ன வேலை.

2020 நவம்பர்ல வத்திக்கானே 400 பக்கத்துக்கு மேல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு, பாராட்டணும், முன்னாடி இப்படி ஒண்ணு வந்தது கிடையாது. அதுல இன்னொரு சங்கதி. நியூயார்க் கர்தினால் ஓகானர் சாகுறதுக்கு சில மாசம் முன்னாடி, 1999ல, இவர பெரிய பதவிக்கு போடாதீங்கன்னு எழுதியிருக்காரு. அப்ப போப்பா இருந்த இரண்டாம் ஜான் பால் அத விசாரிக்கச் சொல்ல, நியூஜெர்சி பிஷப்புங்க நாலு பேர்கிட்ட கேட்டுருக்காங்க, அதுல மூணு பேரு முழு விவரம் சொல்லல, தப்பாவும் சொல்லியிருக்காங்க. மெக்காரிக் தன் பங்குக்கு, நான் யாரோடயும் உறவு வச்சுக்கிட்டதே இல்லன்னு போப்போட செயலருக்கு லெட்டர் எழுதுனாரு, அது போதுமானதா இருந்துச்சு. அத்தன பேரு எழுதுனாங்க, கேட்டாங்க, பதில் போட்டாங்க, ஆனா அந்தப் பசங்கள்ல ஒருத்தன கூப்பிட்டு உக்கார வச்சு என்னப்பா நடந்துச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் பதவி குடுப்போம்னு அன்னைக்கு யாருக்கும் தோணல.

காசு மட்டும் குடுத்தாங்க. 2005ல 80,000 டாலர், 2007ல 1,00,000 டாலர், எங்க மெட்டச்சன் உட்பட இங்க உள்ள மறைமாவட்டங்க சேந்து குடுத்தது, 2018 வரைக்கும் காணிக்கை போட்ட எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. வளந்தவங்க சம்பந்தமா மூணு புகார் வந்துச்சு அதுல ரெண்டுக்கு பணம் குடுத்து முடிச்சோம்னு அப்பதான் நியூவார்க் கர்தினால் அறிக்கை விட்டாரு. போப் பதினாறாம் பெனடிக்ட் காலத்துல மெக்காரிக்க ஓய்வு பெறச் சொல்லி, வெளிய ரொம்ப தலைகாட்டாதீங்கன்னு முதல்ல வாய் வார்த்தையா, அப்புறம் 2008ல எழுத்துலயும் சொன்னாங்களாம், அவரு பாட்டுக்கு நாடு நாடா பறந்துட்டுதான் இருந்தாரு.

ஒரு கொடுமைய சொல்லாம விட முடியல. 2002ல டல்லஸ்ல அமெரிக்க பிஷப்புங்க கூடி சிறார் பாதுகாப்புக்கு விதிமுறை கொண்டு வந்தாங்களே, அப்ப டிவி கேமரா முன்னாடி நின்னு விளக்கம் குடுத்தவங்கள்ல மெக்காரிக்கும் ஒருத்தர். அந்த விதி குருக்களுக்கும், குருவுக்கு முந்தின படியில இருக்குற தியாக்கோன்களுக்கும்தான், பிஷப்புக்கு கிடையாது. வளந்த குருமாணவனுக்கும் அதுல எடம் கிடையாது.

இப்ப சட்டம் மாறியிருக்கு, மறுக்கல. 2019ல போப் பிரான்சிஸ் போட்ட ஆணையில, அதிகாரத்த தப்பா பயன்படுத்தி பாலியல் செயலுக்கு இணங்க வச்சாலும் அது விசாரிக்க வேண்டிய குத்தம்னு வந்துருச்சு, பிஷப்பா இருந்தாலும் விசாரணை உண்டு, புகார் சொன்னவன பழிவாங்கக்கூடாது, வெளிய பேசாதேன்னு வாயக் கட்டவும் கூடாது. 2021 டிசம்பர்லருந்து திருச்சபை தண்டனை சட்டத்துலயும் அது ஏறிருச்சு. ஆனா அதிகாரம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது யாரு, பையனா? அர்ஜென்டினாவுல ஒரான் மறைமாவட்ட பிஷப் சான்கெட்டா கதைய பாருங்க, 2017ல உடம்பு சரியில்லன்னு ராஜினாமா, அதே வருஷ கடைசியில வத்திக்கான் சொத்து நிர்வாக ஆபீஸ்ல வேலை. குருமாணவரா இருந்த ரெண்டு பேரு குடுத்த பாலியல் புகார்ல 2022 மார்ச்ல நாலரை வருஷ தண்டனை குடுத்தது அங்க உள்ள அரசாங்க கோர்ட்டு.

அரசாங்க கோர்ட்டுன்னதும்தான் நம்ம ஊரு ஞாபகம் வருது. நம்ம நாட்டுல 18 வயசுக்குக் கீழன்னா போக்சோ இருக்கு. வேலை எடத்துல பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கு, அது பெண்களுக்கு மட்டும். வளந்த ஆம்பளைய ஒருத்தன் பலவந்தம் பண்ணா 377ஆவது பிரிவுல கேஸ் போடலாம்னு முன்ன இருந்துச்சு, 2024 ஜூலைலருந்து வந்த புது பாரதிய நியாய சன்ஹிதாவுல அந்த பிரிவே இல்ல, அடிச்சான் மிரட்டுனான்னு வேணா கேஸ் போடலாம். நம்ம தமிழ்நாட்டு குருமடங்கள்ல எத்தன நூறு பிரதருங்க படிக்கிறாங்க, நம்ம பங்குலருந்து அனுப்புன பசங்கதானே அவங்க. 2019 ஆணைப்படி ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார் வாங்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கணும், மக்களுக்கு லேசா தெரியுற மாதிரி. நான் ஊருக்கு வர்றப்பல்லாம் கோயில் நோட்டீஸ் போர்டுல பாக்குறேன், திருவிழா வரி பாக்கி லிஸ்ட் இருக்கு, கல்யாண ஓலை இருக்கு, இது கண்ணுல பட்டதில்ல. இருந்தா யாராவது எழுதுங்க, எந்த நம்பர், யாரு எடுப்பாங்க, எடுக்குறது பிஷப் ஹவுஸ்ல சம்பளம் வாங்குற ஆளா வெளி ஆளான்னு.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான் சார். அடுத்த தடவை மெக்காரிக் பத்தி நாலு வரி போடுறப்ப சிறுவனுக்குப் பக்கத்துல 'குருமாணவர்கள்'னு ஒரு வார்த்தையும் சேத்துருங்க, எடம் பத்தலன்னா 'காலமானார்'ங்கறத எடுத்துருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எடிசன், நியூஜெர்சி