ஜெராக்ஸ், டிடிபி, பிரவுசிங் கடை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

தாலுகா ஆபீஸ் எதிரிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் ஜெராக்ஸ், டிடிபி, பிரவுசிங் என்று மூன்றையும் ஒரே போர்டில் எழுதிக் கடை நடத்தும் உங்களுக்குத்தான் இந்த மடல். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன். உங்களில் பலருடைய கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 அதில்தான் மக்கர் பண்ணாமல் திறக்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்த கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் எல்லாம் அந்த ஃபைல்களில் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன. கேனான் 2900 பிரிண்டரும் அந்த சிஸ்டத்தோடு ஒத்துப்போய்விட்டது. ஆகவே பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வாங்கும் கடை நான்கு சிஸ்டத்தை ஒரே நேரத்தில் எப்படி மாற்றும்?

நான் கேட்பது ஒன்றுதான். அந்த விண்டோஸ் 7 சிஸ்டத்திலிருந்து நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபை டாங்கிள் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கரும் பிரிண்டரும் அதில் இருக்கட்டும். நெட் வேலைக்கு அது வேண்டாம்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. அதில் ஓடும் குரோமின் கடைசிப் பதிப்பு 109. அடுத்த மாதமே வந்த 110, விண்டோஸ் 10-க்குக் குறைந்த எதிலும் ஏறவில்லை. இதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளில் புது விண்டோஸில் அடைத்தவை எத்தனையோ. அவற்றில் பல பழைய விண்டோஸிலும் இருக்கும். அங்கே அடைக்க ஆளில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. புதுசில் என்ன அடைத்தார்கள் என்று பார்த்தே, பழசில் எங்கே நுழையலாம் என்று கண்டுகொள்ளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை வைரஸ் உங்களுக்கு நினைவிருக்கும். ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் அடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 சிஸ்டங்கள். அது பரவுவதற்கு யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஃபைல் ஷேரிங் செய்யும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிஸ்டத்திலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. ஒரு பிரிண்டரை நான்கு சிஸ்டத்துக்கும் பொதுவாக்க நாம் கடையில் ஆன் செய்து வைத்திருக்கிறோமே, அதே ஷேரிங்தான். அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, போட்டவர்கள் தப்பித்தார்கள். இன்றைக்கு அப்படி ஒன்று கிளம்பினால் விண்டோஸ் 7 வைத்திருப்பவர் போடுவதற்கு ஒரு அப்டேட்டும் கிடையாது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பீர்கள். கதவே இல்லாத வீட்டுக்கு வாட்ச்மேன் போடுவது போலத்தான் அது. அதையும் கிராக் விண்டோஸ் போடும்போது "கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்க" என்று அணைத்து வைக்கிறார்கள். லைசன்ஸ் இருப்பது போல விண்டோஸை ஏமாற்றும் அந்த ஆக்டிவேட்டரோடு சேர்ந்து என்னென்ன உள்ளே வருகிறது என்று போட்டவருக்கும் தெரியாது.

"என் சிஸ்டத்தில் திருட என்ன இருக்கு?" என்ற கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. உங்களுடையது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஊரில் பாதிப் பேருடைய ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், கிரயப் பத்திரத்தின் ஸ்கேன், மார்க் ஷீட் எல்லாம் அங்கே இருக்கும். டிஎன்பிஎஸ்சி ஃபாரம் போட வந்த பிள்ளையின் பாஸ்வேர்டைப் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி போனையே உங்கள் கையில் கொடுத்து, "ஓடிபி வந்துச்சா பாரு கண்ணு" என்கிறார். அவர் நம்புவது உங்களை. உங்கள் விசைப்பலகையில் அடிப்பதை எல்லாம் எங்கோ ஒருவனுக்கு அனுப்பும் புரோகிராம் உள்ளே உட்கார்ந்திருந்தால், அது உங்களுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. பணம் போன பிறகு அவர் உங்கள் கடையைத்தான் நினைப்பார். நேர்மையாகக் கடை நடத்துபவருக்கு அந்தப் பழி வரக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, நெட் வேலைக்கு என்ன வழி? அதற்கும் பழைய சிஸ்டமே போதும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, 64 பிட், 4 ஜிபி ராம் இருந்தால் கோர் 2 டியோவில்கூட ஓடும். காசு கிடையாது, கிராக் கிடையாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும். முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள், டிஸ்க்கில் எதையும் தொடாது. பட்டா சிட்டா, வில்லங்கம், ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட் எல்லாம் பிரவுசரில் நடப்பவைதானே. தமிழ் டைப்பிங்குக்குத் தமிழ்99 விசைப்பலகை முறை இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறையில் விரல் பழகிய அக்காமார்களுக்கு அந்த முறையும் இருக்கிறது.

மின்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது விருந்தினர் செஷன். லாகின் அமைப்பில் அதை ஆன் செய்துவிட்டால், வாடிக்கையாளர் உட்கார்ந்து வேலை முடித்து லாக் அவுட் செய்ததும், அவர் இறக்கிய ஃபைல், திறந்த மெயில், பிரவுசர் வரலாறு எல்லாம் தானாக அழிந்துவிடும். நீங்கள் நினைவு வைத்து டெலிட் செய்ய வேண்டியதில்லை. பிரவுசிங் கடைக்கென்றே செய்த வசதி போல இருக்கிறது.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவையும் இனி முதலில் இதில்தான் செருக வேண்டும். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு ஷார்ட்கட் காட்டும் அந்த வைரஸ் இங்கே இயங்காது. அது மறைத்த ஃபோல்டர்கள் வழக்கம்போலக் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய பிடிஎஃபை மட்டும் எடுத்து, கடைக்கென்று தனியாக வைத்திருக்கும் ஒரு பென் டிரைவில் போட்டு, நெட் இல்லாத விண்டோஸ் 7-க்குக் கொண்டுபோய் பிரிண்ட் எடுங்கள். இது கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. கூட்டம் நிற்கும்போது எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் கேனான் 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பதற்கு மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

எல்லாவற்றுக்கும் லினக்ஸ் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் கடைகளுக்கு, அந்தக் கருவியின் சாஃப்ட்வேர் விண்டோஸைக் கேட்கும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் பல இடங்களில் அப்படித்தான். அந்த ஒரு சிஸ்டத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல், விண்டோஸ் 11 முறையாக ஏறும் செகண்ட் ஹேண்ட் ஒன்றை வாங்கி, ஒரிஜினல் லைசன்ஸோடு வையுங்கள். பழைய சிஸ்டத்தில் மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கோர் 2 டியோவில் பூட்கூட ஆகாது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. வீட்டு உபயோகத்துக்கென்று 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். கடை சிஸ்டத்துக்கு அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் கடைக்குக் கடை பார்க்கிறேன். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோய், சிஸ்டம் ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே எல்லா சைட்டும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கும். தேதியைத் திருத்தாமல், "பரவாயில்லை, போ" என்று அழுத்தி உள்ளே போகக் கை பழகிவிடுகிறது. அப்படிப் பழகிய கை, உண்மையிலேயே போலி பேங்க் சைட் வரும் நாளிலும் அதையே அழுத்தும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இன்றைக்கே மாற்றிவிடலாம்.

மின்ட் போடும் வரை இடையில் சில நாள் விண்டோஸ் 7-இலேயே நெட் பார்த்தாக வேண்டும் என்றால் குரோமை விட்டுவிட்டு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். குரோம் நின்ற பிறகும் அதற்கு நெடுநாள் திருத்தம் வந்தது. அதிலும் பேங்க், ஆதார், ஓடிபி வேலை எதுவும் வேண்டாம். சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் வெப்பை லாக் அவுட் செய்துவிடுங்கள். யாருக்காவது பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அவரைப் பேச வையுங்கள்.

நான்கு சிஸ்டத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முன்வரிசையில் வாடிக்கையாளர் உட்காரும் ஒன்றில் தொடங்குங்கள். போடத் தெரியவில்லை என்றால் உங்கள் ஊர் சர்வீஸ்காரரிடம் இந்த மடலைக் காட்டுங்கள். பழகியவருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

அன்புடன்,
சர்வீஸ் பார்க்கும் உங்கள் தம்பி