ஆயாவின் வெள்ளிக் காசு பற்றி

பாலக்கோடு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீதான் எழுத வேண்டும். போன் பண்ணினால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ஆடிப்பெருக்குக்கு அக்கா பிள்ளைகளோடு வந்தாள், ஒகேனக்கல் போய் வந்தோம். தக்காளி விலை இந்தத் தடவை பரவாயில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயாவின் வெள்ளிக் காசை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து உடனே அனுப்பு, ஐந்து லட்சத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாய். ரொம்ப நாள் கழித்து நீயாக அனுப்பிய சேதி அதுதான். போட்டோ எடுக்கவில்லை. ஆனால் காசை எடுத்து நன்றாகப் பார்த்தேன். ஆசாரி மகள் நான், தாத்தா பட்டறையில் வளர்ந்தவள்.

காசு நிஜம்தான். கடைத்தெரு நகைக்கடைத் தராசில் வைத்தேன், 11.4 கிராம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ஒரு ரூபாய் இது, புதிதாக அடித்தபோது 11.66 கிராம் இருக்கும். இத்தனை வருஷம் கைமாறித் தேய்ந்ததற்கு அந்தக் குறைச்சல் சரிதான். காந்தம் ஒட்டவில்லை; ஆனால் பித்தளையிலும் ஒட்டாது, அதை மட்டும் வைத்து வெள்ளி என்று முடிவு கட்டக் கூடாது. திண்ணைக் கல்லில் சுண்டினால் கணீரென்று சத்தம் நிற்காமல் இழுக்கிறது. தாத்தாவின் பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பல் வரிசை மழுங்கியிருக்கிறதே தவிர, நடுவில் கோடு ஓடவில்லை. வார்த்த போலியாக இருந்தால் இரண்டு பாதி சேர்ந்த இடத்தை அரத்தால் ராவியிருப்பார்கள், எழுத்துகளுக்கு நடுவே பொடிப்பொடிக் குழிகள் தெரியும். இதில் அதெல்லாம் இல்லை.

ஆனால் நிஜம் என்பது வேறு, விலை என்பது வேறு. விக்டோரியா ராணியின் கிரீடத்துக்கு மேலே வளையம் பற்றவைத்த தடம் மிளகு அளவுக்கு மேடாக நிற்கிறது. பக்கத்தில் இருக்கிற எழுத்தும் சூட்டில் மழுங்கிவிட்டது. மாமா அந்த வளையத்தைப் பிடுங்கிய வருஷம் உனக்குத் தெரியும், அதை நான் எழுத வேண்டாம். காசு சேர்க்கிறவர்கள் இப்படிப் பற்றவைத்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள். வருஷமும் 1862. பழசு என்று மயங்காதே. அதே 1862-ஐப் போட்டு, காசில் இருக்கிற சின்னப் புள்ளிகளை மாற்றி மாற்றி, 1874 வரை அடித்திருக்கிறார்கள். எங்கும் கிடைக்கிற காசு. 1939 ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் என்றால் அரிது, அதனால் அதில் போலியும் அதிகம். நம் காசு நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. விற்கிற அன்றைக்கு ஒரு கிராம் வெள்ளி என்ன விலையோ அதைப் பத்தரையால் பெருக்கு, வருவதுதான் இதன் மதிப்பு. புளி போட்டுத் தேய்த்துவிடலாமா என்று அக்கா கேட்டாள், நான் விடவில்லை. தேய்த்தால், பழைய காசு என்று கிடைக்கிற கொஞ்சநஞ்சமும் போகும்.

அந்த ஆள் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பான், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கமிஷன். அனுப்பாதே. பழைய காசு, நோட்டு விற்பனையில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை, தங்கள் பெயரில் கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. இரிடியம் கலசம், அரிசி இழுக்கும் செம்பு என்று நம் பக்கத்தில் பணத்தைத் தொலைத்தவர்களை நீ கேள்விப்பட்டதில்லையா? முன்பணம் எதுவும் அனுப்பாதே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணிவைத்த பிள்ளை நீ. இன்றைக்கு இந்தக் காசின் எழுத்து எனக்குத் தெரிகிறதென்றால் அது உன் பணம். யாரிடமும் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன், பி.காம். படித்தவன், ஐந்து லட்சத்தை நம்பினான் என்றால் என்னால் ஏற்க முடியவில்லை. நம்பியே ஆக வேண்டும் என்கிற நிலைமை ஏதோ வந்திருக்கிறது. வண்டியை விற்றுவிட்டாய் என்று அக்கா சொன்னாள். ஆபீசுக்குப் பஸ்ஸில் போகிறாயாமே. செல்போனிலேயே கடன் கொடுத்துவிட்டு அப்புறம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்துகிறார்கள் என்று பேப்பரில் வருகிறது. உன்னைச் சொல்லவில்லை. பேப்பரில் வந்ததைச் சொன்னேன். ஒரு போன் பண்ண உனக்கு நேரமில்லை, காசுக்கு போட்டோ கேட்க மட்டும் நேரம் இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே.

தக்காளிப் பணம் பாங்கில் அப்படியே கிடக்கிறது. அக்காவுக்குத் தெரியாது. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல். எதற்கு என்று நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு. அந்த ஆளுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட அனுப்பிவிடாதே சாமி.

அம்மா