எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவே நாலு வாரம் விடுங்கள்: சொலிசிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் வீடு வாங்க, விற்கப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டர்கள், கன்வேயன்சர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வாரம் என் தம்பிக்கு அவனுடைய சொலிசிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தத் தொடங்கும் நாள்), அதற்கு அடுத்த வாரம் வெள்ளி கம்ப்ளீஷன் (முழுப் பணமும் கைமாறிச் சாவி கிடைக்கும் நாள்), மற்ற எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள். அவ்வளவுதான். அதை அப்படியே எனக்கு அனுப்பி, கூடவே "அக்கா, இதுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டிருந்தான். போன வருஷம் ஆடி மாதத்தில் இதே மாதிரி மின்னஞ்சல் வேறொரு ஆபீஸிலிருந்து எனக்கு வந்தது. ஆபீஸ் பெயரை மாற்றிப் போட்டால் போதும், மற்றதெல்லாம் அச்சு அசல். அதனால் ஒரு ஆபீஸைக் குறை சொல்லி எழுதுவதில் அர்த்தமில்லை என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் நடுவே குறைந்தது நாலு வாரம் விடுங்கள். வாங்குகிறவரே "எனக்கு அவசரம்" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் குறையுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அதுவரை யார் வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம், அதற்கப்புறம் பின்வாங்கினால் பத்து சதவீத டெபாசிட் போய்விடும் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லித் தருகிறீர்கள்: எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள். என் விஷயத்தில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சரியான அறிவுரைதான், மறுக்கவில்லை. நோட்டீஸ் கொடுத்தபின் வீடு கைநழுவினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

ஆனால் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் என்ன ஆகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நான் கேட்டு நடந்தேன். குளிர்காலத்தில் ஆஃபர் போட்ட வீடு. சர்ச் ரிசல்ட் (வீட்டைப் பற்றி கவுன்சிலிலும் மற்ற இடங்களிலும் விசாரித்த விவரம்) வரவில்லை, லீஸ் (ஃபிளாட்டின் நீண்ட காலக் குத்தகை) பற்றிய கேள்விகளுக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்லவில்லை, கோப்பு பார்க்கிறவர் விடுமுறையில் இருக்கிறார் என்று வசந்தமும் போனது. போன் செய்தால் "இன்னைக்கோ நாளைக்கோ" என்ற பதில். திடீரென்று ஒரு புதன்கிழமை எக்ஸ்சேஞ்ச் முடிந்தது, மறுவாரம் வெள்ளிக்கிழமை சாவி. எக்ஸ்சேஞ்ச் அன்று மாலையே வாடகை வீட்டு ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய் நோட்டீஸ் கடிதத்தை நீட்டினேன். அங்கிருந்த பெண் காலண்டரைத் திருப்பி, பேனாவால் ஒரு தேதியைச் சுழித்துக் காட்டினார். சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ், அதுவும் வாடகை மாதம் முடிகிற நாளில்தான் முடியும், ஆகவே செப்டம்பர் நடுவரை வாடகை உங்களுடையது என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னார். காலியாகக் கிடந்த ஒரு ஃபிளாட்டுக்கு வாடகை, கவுன்சில் டாக்ஸ், இந்தப் பக்கம் புது வீட்டுக்கு மோர்ட்கேஜ் என்ற வீட்டுக் கடன் தவணை. டெபாசிட்டுக்காக வழித்துத் துடைத்துக் கொடுத்த பிறகு, மனிதர் கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் மாதம் அதுதான். அந்த மாதத்தில்தான் இரண்டு வீட்டுச் செலவையும் சேர்த்துத் தலையில் வைக்கிறீர்கள்.

எனக்கு அது ஒரு மாத நோட்டீஸோடு போயிற்று. வாடகைதாரர் உரிமைகள் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் வெளியேறும் வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும், ஹவுஸ் ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால்தான் குறையும். வாடகைதாரருக்கு நல்லது செய்ய வந்த சட்டம், நல்லதும் செய்கிறது. ஆனால் நீங்கள் ஒரு வார இடைவெளியை மாற்றாத வரைக்கும், முதல் வீடு வாங்குகிறவருக்கு இரட்டைச் செலவு இரண்டு மாதத்துக்கு நீளும். நான் கேட்கும் நாலு வாரம் கூட அதில் பாதியைத்தான் ஈடுகட்டும். அந்தப் பாதியாவது கிடைக்கட்டும்.

இதில் வேடிக்கை, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்டாண்டர்ட் கண்டிஷன்ஸ் ஆஃப் சேல் என்ற நிபந்தனைப் படிவத்தில், தேதி எதுவும் குறிக்காவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து 20 வேலை நாள் கழித்துத்தான் கம்ப்ளீஷன் என்று அச்சிட்டே இருக்கிறது. 20 வேலை நாள் என்றால் நாலு வாரம். படிவம் எழுதியவர்களுக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்கிறது. நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் வேறு தேதி போட்டு அதை ஒதுக்கிவிடுகிறீர்கள்.

செயின், செயின் என்பீர்கள், ஒருவர் தன் வீட்டை விற்றுத்தான் அடுத்ததை வாங்க முடியும் என்ற சங்கிலி. ஒரே வரிசையில் ஐந்து குடும்பம் ஒரே நாளில் வீடு மாற வேண்டியிருந்தால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேதி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தேதி ஏன் எப்போதும் அடுத்த வெள்ளிக்கிழமையாகவே இருக்கிறது? செயினில் ஒருவருக்குக் கடன் தருவதாக வங்கி கொடுத்த மோர்ட்கேஜ் ஆஃபர் காலாவதியாகப் போகிறது என்பது பெரும்பாலும் வரும் பதில். அது ஏன் காலாவதி வரை போனது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மாதக்கணக்கில் கோப்பு தூங்கிய நேரத்துக்கு விலையை, கடைசி ஒரு வாரத்தில் எங்கள் கையிலிருந்து வாங்குகிறீர்கள்.

தேதி பார்த்து வேலை செய்ய உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் பார்த்தோமே. ஏப்ரல் 1இலிருந்து, முதல் வீடு வாங்குவோருக்கான ஸ்டாம்ப் டியூட்டி விலக்கு வரம்பு 4,25,000 பவுண்டிலிருந்து 3,00,000 பவுண்டாக இறங்கியது. 4,50,000 பவுண்டு வீட்டுக்கு மார்ச் 31இல் கம்ப்ளீஷன் என்றால் வரி 1,250 பவுண்டு, மறுநாள் என்றால் 7,500. அந்த மாதம் மொத்தத் தொழிலும் அந்த ஒரு தேதியைச் சுற்றித்தானே ஓடியது? அரசாங்கம் தேதி வைத்தால் எல்லோரும் காலண்டரைப் பார்க்கிறீர்கள். கிளையண்டின் நோட்டீஸ் தேதிக்கு மட்டும் காலண்டரில் இடமில்லை.

வெள்ளிக்கிழமை மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் வெள்ளிக்கிழமை கேட்பதால் வேன் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கூடுதல். மதியம் இரண்டு மணிக்குள் பணம் போய்ச் சேராவிட்டால் அடுத்த வேலை நாளில் வந்ததாகக் கணக்கு, அதாவது திங்கள். 2014 அக்டோபர் 20ஆம் தேதி பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் பணப் பரிமாற்றக் கணினி பல மணி நேரம் முடங்கி, வீடு மாற இருந்தவர்கள் தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது திங்கட்கிழமை, மறுநாளாவது வேலை நாள். எங்கள் வெள்ளிக்கிழமையில் பணம் மாலை நாலு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை வேன்காரர் காத்திருப்புக்கு மணிக்கணக்கில் மீட்டர் போட்டார், மாமியார் காரில் பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆடியில் யாராவது பால் காய்ச்சுவார்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். "சொலிசிட்டருக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒன்றுதான் அத்தை" என்றேன். ஊரில் கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்தால், எத்தனை மாதத்துக்குள் கிரயம் என்று அன்றைக்கே எழுதிவிடுகிறார்கள், நல்ல நாள் பார்க்கவும் அவகாசம் இருக்கிறது. பல லட்சம் பவுண்டு கைமாறும் இந்த ஊரில் தேதி கடைசி வாரத்தில்தான் தெரிகிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். வீடு வாங்கி விற்கும் மொத்த முறையையும் திருத்த அரசு 2025 அக்டோபரில் ஒரு கலந்தாய்வு தொடங்கியது, நல்லது நடக்கட்டும். 2007இல் ஹோம் இன்ஃபர்மேஷன் பேக் என்று, விற்பவரே வீட்டு விவரங்களை முன்கூட்டித் திரட்டித் தரும் ஒரு ஏற்பாடு வந்து 2010இல் நிறுத்தி வைக்கப்பட்டதையும் பார்த்தவர்கள் நாம், ஆகவே அதற்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். நான் கேட்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. கோப்பு திறக்கும் அன்றே கிளையண்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்களா, நோட்டீஸ் எவ்வளவு? பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எதிர்த்தரப்பு ஒரு வாரம் என்று கேட்டால், எங்களுக்கு மின்னஞ்சல் தட்டும் முன் அவர்களிடம் 20 வேலை நாள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் மறுத்தால் அப்புறம் எங்களிடம் வாருங்கள், பேசி முடிவு செய்வோம். இன்று மாலைக்குள் என்று கெடு வைக்காமல்.

தயவுசெய்து நாலு வாரம் விடுங்கள். தம்பி சம்மதம் சொல்லவில்லை, 20 வேலை நாள் வேண்டும் என்று பதில் எழுதியிருக்கிறான். அவனுடைய சொலிசிட்டர் இதைப் படித்தால், அந்த மின்னஞ்சலை எதிர்த்தரப்புக்கு அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவருடைய முன்னாள் கிளையண்ட்