என்னையும் அந்த குரூப்பில் சேர்

மாதுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தலைசுற்றல் நின்று பத்து நாள் ஆகிறது. காரணத்தைக் கண்டுபிடித்தது நீ ஏற்பாடு செய்த ஆட்கள் யாரும் இல்லை, பண்டார்கர் ரோடு மருந்துக் கடைக்காரர். என்னைக் கவனித்துக்கொள்ள வருகிற மாவுஷி இரண்டு மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோய் இரண்டிலும் பதினைந்து கேட்டிருக்கிறாள். அவர் உடனே எனக்குப் போன் போட்டார். "பேருதான் வேற மாமி, உள்ளே ரெண்டும் டெல்மிசார்ட்டான், ஒரே பி.பி. மருந்து. எதுக்கு ரெண்டு?"

நான் விழுந்தபின் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எழுதிக்கொடுத்தது ஒரு கம்பெனி மாத்திரை. நம் டாக்டர் எட்டு வருஷமாகக் கொடுப்பது இன்னொன்று. பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சமர்த்தாக இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வாராவாரம் வந்து, உட்காரவைத்து பி.பி. பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போனாள். உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்தக் குறையும் இல்லையே! எழுந்தால்தானே சுற்றுகிறது.

நம் டாக்டர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். ஐந்து நிமிஷம் படுக்கவைத்து பி.பி. பார்த்தார், மேல் எண் 128. நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தார், 102. மூன்றாவது நிமிஷம் இன்னொரு தடவை. "நிற்கும்போது 20 குறைந்தாலே கவனிக்கணும் மாமி, உங்களுக்கு 26" என்று சொல்லி ஒரு அட்டையைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். இங்கே வைத்தால் நான் மறந்துபோய் எடுத்துவிடுவேனாம். அதுவும் சரிதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அன்றைக்கு மாவுஷி தன் போனில் எதையோ படம் எடுத்து அனுப்பினாள். என்னடி என்று கேட்டால், "அம்மா கேர்" குரூப்புக்கு என்றாள். நீ, உன் மனைவி, நர்ஸ், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ, ஆட்களை அனுப்புகிற பீரோக்காரர், மாவுஷி. ஆறு பேர். நான் என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை பாத்ரூம் போனேன், எல்லாம் இருக்கிறது. அம்மா மட்டும் இல்லை. சிரிப்புத்தான் வந்தது முதலில். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆறு பேர் பேசிக்கொள்கிறீர்கள், சரி. ஆனாலும் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் "எப்படி விழுந்தீங்க?" என்று ஆரம்பிக்கிறார்கள். குளியலறை வாசல், ஈரமான மிதியடி, இடது இடுப்பு. பாராயணம் மாதிரி ஆகிவிட்டது. அதனால் நானே ஒரு நோட்டுப் போட்டு டிவி மேல் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் விழுந்த கதை. அடுத்த பக்கத்தில் மாத்திரைகள், அட்டையில் போட்டிருக்கிற பெயரோடு உள்ளே இருக்கிற மருந்தின் பெயரும். வருகிறவர்கள் படித்துவிட்டு, தாங்கள் மாற்றியதைக் கையெழுத்தோடு எழுத வேண்டும். பிசியோ பையன் முகம் சுளித்தான். சுளிக்கட்டும்.

அவன் லீவு போட்ட வாரம் ஒரு பெண் வந்தாள். காலைத் தூக்கு, இறக்கு என்று ஆரம்பிக்காமல், "உங்களுக்கு எங்கே நடந்து போகணும் ஆண்டி?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் இதை யாரும் கேட்டதில்லை, கண்ணா. நீயும்தான். ஆஸ்திக சமாஜம் கோயிலுக்கு என்றேன். எத்தனை படி என்று கேட்டாள். நாற்பத்திரண்டு. அன்றிலிருந்து வாக்கரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் பழகினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நேற்று ஒரு மாடி இறங்கி, கீழ்வீட்டு மாமியிடம் காபி குடித்துவிட்டு ஏறினேன்.

கீழ்வீட்டு மாமா 70 வயதானவர்களுக்கான ஆயுஷ்மான் கார்டு வாங்கிவிட்டார், 2024 அக்டோபரில் ஆரம்பித்தார்களே, அது. வருஷத்துக்கு 5 லட்சம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டுக்கு வந்தபின் பதினைந்து நாள் மருந்துச் செலவு உண்டு, அதோடு சரி. மாவுஷிக்கு அதில் ஒரு பைசா வராது. எல்லாச் செலவும் உன் தலையில்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

மாவுஷியை மாற்றப்போகிறார்களாம். பீரோக்காரர் குரூப்பில் எழுதியிருக்கிறார், நீ கட்டைவிரல் போட்டிருக்கிறாய். வேண்டாம். அவள் விடிவதற்குள் கல்யாணில் ரயில் ஏறி வருகிறாள், சில நாள் தாமதமாகிறது, உண்மை. ஆனால் என் முதுகில் எங்கே வலிக்கும் என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். புதியவளிடம் துணி அவிழ்க்க இன்னொரு தடவை பழகுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்கே என்னைச் சேர்த்துவிடு. சேர்த்ததும் முதலில் நான் போடப்போவது இதுதான்: புதன்கிழமை சாயங்காலம் நான் சமாஜத்துக்குப் போகிறேன், பிசியோ நாலு மணிக்கு வர வேண்டாம், மூன்றுக்கு வரட்டும்.

அம்மா